எட்டாம் நம்பர் வள்ளத்தின் புள்ளி

இணையப் பக்கம் செய்து பிழைப்பது என்றால், பிறத்தியார் சமைத்ததை நம் வீட்டுத் தட்டில் வைத்துப் பரிமாறுவது என்று அர்த்தம். எழுத்துக்கு ஒரு கோப்பு, வரைபடத்துக்கு ஒரு கோப்பு என்று எந்த நாட்டிலோ இருக்கிற எவருடைய சர்வரிலிருந்தோ இலவசமாக வரவழைத்து, அடியில் நம் பெயரைப் போட்டுக்கொள்வோம். நன்றாக இருந்தால் பாராட்டு நமக்கு. கெட்டுப்போனால் சமைத்தவன் யாரென்றே தெரியாது, ஏச்சு மட்டும் வீடு தேடி வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். வேறு தொழிலில் இருந்தாலும், யாரோ செய்த பிழைக்குக் கைகட்டி நின்றவர்கள் எல்லோரும் என் கட்சிதான்.

நானும் றிஸ்வானும் திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடி அறையில் இந்தத் தொழிலை நடத்துகிறோம். இரண்டு மேசை, மூன்று கதிரை, வேலை செய்யாத ஒரு ஏசி. இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் ஒரே வாரத்தில் நடந்தவை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தவை. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

அறுபத்துநாலு எழுத்து

எங்களுடைய நல்ல வாடிக்கையாளர் ஒரு மீனவர் சங்கம். பன்னிரண்டு பைபர் வள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கருவி பூட்டியிருந்தார்கள். எஞ்சின் ஓடும்வரை அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாங்கள் செய்து கொடுத்த பக்கத்தைப் போனில் திறந்தால் வரைபடத்தில் வள்ளத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு மேலே நம்பர். இந்தப் பக்கம் வந்தபிறகு சங்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கமும் வந்தது. தங்கள் வீட்டுப் புள்ளி துறைமுக வாயைத் தாண்டினால்தான் சோற்றுக்கு உலை வைப்பார்கள். ஆள் கரையேறி, வலையை உதறி, வந்து கால் கழுவ, சோறு வடிக்கச் சரியாக இருக்கும்.

வரைபடத்தைக் கீறும் கோப்பு வெளியிலிருந்து வருகிறது என்று சொன்னதும் சங்கச் செயலாளர் நாகேந்திரம் அண்ணைக்கு முகம் மாறிவிட்டது. அதை யாராவது மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் உற்சாகமாக விளக்கினேன். ஒவ்வொரு கோப்பிலிருந்தும் அறுபத்துநாலு எழுத்தில் ஒரு கைரேகை எடுக்கலாம். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். நல்ல கோப்பின் கைரேகையை எங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கோப்பு வந்ததும் பிரவுசர் ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. அண்ணை சொன்னார்: "அப்ப ஆள் மாறி வந்தா உங்கட பெட்டி வாசலிலயே பிடிச்சிடும். எங்களுக்கெண்டா வீட்டுக்குள்ள விட்டாப்பிறகுதான் தெரியவரும்."

ஞாயிற்றுக்கிழமை உலை

அப்படிப் பெருமை பேசி மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைபடம் வெறும் சாம்பல் கட்டமாக நின்றது. கடல் இல்லை, கரை இல்லை, புள்ளி ஒன்றுகூட இல்லை. போன் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு பெண், ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அரிசி கழுவிய பானை. றிஸ்வான் கிண்ணியாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். நான் தனி ஆள்.

பிழை எங்கே என்று பார்த்தேன். பிரவுசர் மரியாதையாக எழுதியிருந்தது: வரைபடக் கோப்பின் கைரேகை பொருந்தவில்லை, ஆகவே தடுத்துவிட்டேன், வந்த கோப்பின் கைரேகை இதுதான். பக்கத்திலேயே புது அறுபத்துநாலு எழுத்தும் இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்போது கண்ணை மூடிக்கொள்வீர்கள், ஏனென்றால் நீங்களும் செய்திருப்பீர்கள். நான் அந்தப் புதுக் கைரேகையை அப்படியே எடுத்து, பழையதை அழித்த இடத்தில் ஒட்டினேன். ஒரு நிமிட வேலை. கடல் திரும்பி வந்தது. புள்ளிகள் வந்தன. உலைகள் ஏறின.

மறுநாள் காலை றிஸ்வானிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. கோப்பில் என்ன மாறியது என்று பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே பால் விடாத பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தான். "மச்சான், கள்ளன் வந்து கதவைத் தட்ட, அவன்ட கைரேகையையே வாங்கிப் பதிஞ்சுபோட்டு, பூட்டுத் திறப்பையும் குடுத்த கதையா இருக்கப்படாது."

பதினொன்றில்லை, பன்னிரண்டு

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண் அழைத்து, வரைபடத்தில் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கிறது என்றார். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. சங்கத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பதினொரு வள்ளம்தான். கூடுதலாக நின்ற புள்ளி வெகு தூரத்தில், வெளிக்கடலில், தனியாக நின்றது. மேலே எட்டு என்று எழுதியிருந்தது.

எட்டாம் நம்பர் பாலன் அண்ணையின் வள்ளம். இரண்டு வருடத்துக்கு முன் வாடைக்காற்றுக் காலத்தில், துணைக்குப் போகிறவர் காய்ச்சலில் படுத்ததால் தனியாகப் போனவர். வள்ளமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி யோகம் அக்கா இன்றுவரை, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி செய்யவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போனார்கள். அந்தப் புள்ளியை எடுத்துவிடும்படி நாகேந்திரம் அண்ணை அப்போதே என்னிடம் சொல்லியிருந்தார். பட்டியலிலிருந்து ஒரு மனிதரை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அழிக்காமல், பக்கத்தில் 'மறை' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டுவைத்தேன். பழைய கோப்பு அந்தக் குறிப்பை மதித்தது. புதுக்கோப்பு மதிக்கவில்லை.

இதை அண்ணைக்குச் சொல்ல போன் எடுத்தேன். அவரும் அப்போது பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். வெளிக்கடலில் நிற்கிறது என்றேன். இல்லை, அவ்வளவு வெளியே இல்லை, கொஞ்சம் உள்ளுக்குத்தான் நிற்கிறது என்றார். ஒரே பக்கம், ஒரே புள்ளி, இரண்டு பேருக்கு இரண்டு இடம். அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, நான் காலமை பாக்கேக்க இதைவிடத் தூரத்தில நிண்டது."

யோகம் அக்காவின் போன்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு யோகம் அக்கா படியேறி வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறவர். கையில் இன்னும் வெங்காய வாசம். நெற்றியில் பொட்டு. அழுகிற ஆளாகவோ சண்டைக்கு வந்த ஆளாகவோ தெரியவில்லை. கதிரையில் உட்கார்ந்து போனை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினார்.

என் கணினியில் எட்டு வெளிக்கடலில் நின்றது. அவருடைய போனில் அது கால்வாசி வழி வந்திருந்தது. திங்கள் காலையிலிருந்து பக்கத்தை மூடவே இல்லை என்றார். சமைக்கும்போது சுவரில் சார்த்தி வைப்பாராம், படுக்கும்போது தலைமாட்டில் சார்ஜில் போட்டு வைப்பாராம். திரை அணையாமல் இருக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏதோ அமத்திக் கொடுத்ததாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். அசைவது தெரியவில்லை. ஆனால் அவர் எழும்பிய நேரம் பார்த்தால், அது ஒரு மயிரிழை கரைப்பக்கம் வந்திருந்தது. ஏதோ கோளாறு, இன்றைக்கே சரிசெய்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. இந்தப் போக்கில் வந்தால் வெள்ளிக்கிழமை கரை தட்டும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தார். அதுவரை எதிலும் கை வைக்க வேண்டாம் என்றார். சரி அக்கா என்றேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "எனக்கு விசரெண்டு நினைக்காதேங்கோ தம்பி. அவர் வழமையா வாற வழியாலதான் அது வருது."

பார்க்கப் பார்க்க

புதன்கிழமை றிஸ்வான் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை நான் செய்திருக்க வேண்டிய வேலை. நல்லவேளை, பழைய கோப்பின் பிரதி ஒன்று அவனிடம் இருந்தது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டான். அந்த சர்வரை முதலில் வைத்திருந்தவர் கைவிட்டிருக்கிறார், வேறு யாரோ எடுத்து நடத்துகிறார்கள். அவர்கள் நாற்பது வரி சேர்த்திருந்தார்கள். நடுவே எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் குறிப்புகள்.

அந்த நாற்பது வரியும் செய்தது இதுதான். ஒரு புள்ளியிடமிருந்து செய்தி வராவிட்டால், கடைசியாக அது எந்தத் திசையில், எந்த வேகத்தில் போனது என்று பார்த்து, அதே திசையில் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டு போகும். பக்கம் திறந்திருக்கும் நேரம் மட்டும் தள்ளும். தள்ளிய இடத்தை அந்த போனிலேயே சேமித்து வைக்கும். யாருக்கோ புள்ளி சும்மா நிற்பது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அதிகம் பார்த்தவருக்கு அது அதிகம் நெருங்கியது. யோகம் அக்காதான் எல்லோரையும்விட அதிகம் பார்த்தார்.

எட்டாம் நம்பரின் கடைசிச் செய்தியையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டு வருடமாக யாரும் திறந்து பார்க்காத வரி. எஞ்சின் இழுக்க ஏலாமல் தவழ்கிற வேகம், முகம் துறைமுகத்தை நோக்கி. அந்த மனிதர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். நான் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். எதிரே சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் வெயிலில் பேசாமல் நின்றன. உண்மை தெரிந்துவிட்டது, அப்போதே கோப்பை மாற்றியிருக்க வேண்டும். அக்காவுக்குச் சொன்ன வாக்கு, இன்னும் இரண்டு நாள்தானே என்றேன். றிஸ்வான் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அவர் போயிட்டார் மச்சான், அவருக்கு ஒண்டும் ஆகாது. மற்றப் பதினொண்டையும் இது இப்பிடித்தானே தள்ளும்?"

நசீர் நானாவின் சோறு

அவன் சொல்லி ஒரு நாள் முழுதாகவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் நசீர் நானாவின் மூன்றாம் நம்பர் வள்ளம் துறைமுக வாயைத் தாண்டி வருவதை அவருடைய மனைவி போனில் பார்த்தார். உலை வைத்தார். போனை வைத்துவிட்டு அடுப்பில் கொதித்த மீன் ஆணத்தைக் கவனித்தார். சோறு வெந்தது, வடிந்தது, ஆறியது. ஆள் வரவில்லை. இறங்குதுறைக்குப் போய்ப் பார்த்தால் வள்ளமும் இல்லை. மூன்று மணிக்கு அவர் நாகேந்திரம் அண்ணையின் வீட்டு வாசலில் நின்றார்.

அண்ணையின் போன் காலையிலிருந்து சட்டைப் பையில் மூடியபடி கிடந்தது. திறந்ததும் அதில் மூன்றாம் நம்பர் வெளிக்கடலில், கடைசிச் செய்தி வந்த இடத்திலேயே நின்றது. பார்க்காத போனில்தான் உண்மை இருந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்று, அதோடு கருவியும் நின்றிருக்கிறது. மனைவியின் போன் மட்டும் அவரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு வள்ளங்கள் ஓடின. வெயில் தாழ்வதற்குள் கட்டியிழுத்துக் கொண்டுவந்தார்கள்.

செய்தி கேட்டு ஓடிப்போய், அவர்கள் வரும்வரை நான் இறங்குதுறையில் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அந்த ஆளுக்கு ஏதாவது நடந்திருந்தால், நடத்தியது நான் ஒட்டிய அறுபத்துநாலு எழுத்து. நசீர் நானா உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் உடுத்திருந்த சாரத்தை அவுத்து ஆட்டிக்கொண்டு கடலுக்க நிண்டனான் தம்பி. நீங்க என்னைக் கரையில கொண்டந்து வைச்சிருக்கிறீங்க."

திறந்தே இருக்கிற பக்கம்

றிஸ்வான் வைத்திருந்த பழைய கோப்பை எங்கள் சர்வரிலேயே ஏற்றி, பழைய கைரேகையை மறுபடி எழுதினேன். எட்டு மறைந்தது. பிறகு நேரே யோகம் அக்கா வீட்டுக்குப் போனேன். துறைமுகக் கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கை. வாக்கை மீறிவிட்டேன் என்று வாசலில் நின்றே சொன்னேன். அவருக்கு நசீர் நானாவின் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டு நாள் முன்னமே செய்திருக்க வேண்டும், தான் கேட்டதற்காக ஒரு உயிரை வைத்து விளையாடியிருக்கக் கூடாது என்று என்னை ஏசினார். அது சரியான ஏச்சு.

பிறகு போனைக் காட்டினார். எட்டு இன்னும் அங்கே இருந்தது, துறைமுக வாய்க்குச் சற்று வெளியே. நான் உண்மையைச் சொன்னேன். புதிதாகத் திறப்பவர்களுக்குத்தான் நல்ல கோப்பு போகும். ஏற்கெனவே திறந்திருக்கிற பக்கம் பழையபடியே ஓடும், அதை மூடும்வரை. மூடினால் போய்விடும், பிறகு திரும்பி வராது. அதை நான் மூடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. இது எங்கட வீட்டுப் போன், நான் பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை முழுக்க எங்களுக்கு வேலை ஓடவில்லை. றிஸ்வான் தொழுகைக்குப் போய்வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டான். தெரியாது என்றேன். என் கணினியிலும், திருத்துவதற்கு முன் திறந்த அந்தப் பக்கத்தை நான் மூடாமல் வைத்திருந்தேன் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை. அதில் எட்டு இன்னும் வெளிக்கடலில் தவழ்ந்துகொண்டிருந்தது.

நாலரை மணிக்கு யோகம் அக்கா வந்தார். அதே கதிரையில் உட்கார்ந்தார். காலையில் புள்ளி உள்ளே வந்துவிட்டது என்றார். பத்து மணிக்கு உலை வைத்தாராம். பன்னிரண்டு மணிக்குக் கரை தட்டியது. சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, மூடி வைத்துவிட்டுப் போனுடன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். புள்ளி கரையில் நிற்கவில்லை. மணலில் ஏறியது, றோட்டைக் கடந்தது, முதலாவது ஒழுங்கையின் வீடுகளுக்கு மேலால் வந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரைபடத்தில் அவருடைய வீட்டுக் கூரை வந்தது. அந்த நேரம் அவர் நிமிர்ந்து ஒழுங்கையைப் பார்த்தாராம். வெயில்தான் இருந்தது. குனிந்து பார்த்தபோது புள்ளி கூரையைத் தாண்டி, அதே நேர்கோட்டில், சீனன்குடாப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நாற்பது வரிக்குக் கரை என்றால் என்ன, வீடு என்றால் என்ன என்று தெரியாது என்பதை விளக்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போனை நீட்டினார். பக்கத்தை அவரே மூடியிருந்தார். வருகிற மாதம் அந்தியேட்டி, நாகேந்திரம் அண்ணை எல்லாம் பார்க்கிறார், நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்றார். பட்டியலிலிருந்து எட்டாம் நம்பரை எடுத்துவிடச் சொன்னார், மறைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று. எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "சோறு போட்டு வைச்சிருக்க, வாசலைத் தாண்டிப் போகுது தம்பி. அவரெண்டா நிண்டிருப்பார்."

வந்தது அசலா என்று பார்க்க எங்கள் பெட்டிக்கு அறுபத்துநாலு எழுத்து வேண்டியிருந்தது, அதையும் நான் கெடுத்துவைத்தேன். அந்த அக்காவுக்கு ஒரு கோப்பை சோறு போதுமாக இருந்தது.